நாலு மணிக்கு வரும் பிரட்டல்

தவமலருக்கு பஸ்ஸில் ஏறினால் வயிற்றைப் பிரட்டும் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விசயம். கலியாண வீட்டுக்கு வான் பிடித்தால் முன்சீற்றை அவளுக்கு விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் ஏறுவார்கள். ஒருத்தி தேசிக்காய் கொண்டுவந்து கையில் திணிப்பாள், இன்னொருத்தி தோடம்பழத் தோலை மணக்கச் சொல்லுவாள். தவமலர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள். ஒருவரையும் மறுத்துச் சொன்னதில்லை.

ஆனால் பாருங்கோ, இந்த அறுபத்துநாலு வயதுக்குள் தவமலர் ஒருநாள் ஒருபொழுது பஸ்ஸில் சத்தி எடுத்ததில்லை. பின்சீற்றில் இருத்தி, மலையிலும் பள்ளத்திலும் ஓட்டி, கையில் ஒரு உளுந்து வடையைக் கொடுத்தாலும் சாப்பிட்டு முடித்துவிட்டு இன்னொன்று இருக்கோ என்று கேட்கக்கூடிய வயிறு அவளுடையது. அந்தப் பிரட்டல் வருத்தத்தை உண்டாக்கினவள் அவள்தான். முப்பது வருசமாக அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தவளும் அவள்தான்.

அது இந்த ஓகஸ்ட் மாதம் அவளுக்கே வினையாக வந்து நின்றது.

மகன் கார்த்திகன் கனடாவிலிருந்து பெண்சாதி நிருஷாவையும் ஆறு வயது மகள் தாரிகாவையும் கூட்டிக்கொண்டு மூன்று கிழமை லீவில் வந்திருந்தான். கிருலப்பனையில் இருக்கிற மகள் மிதுனாவும் வந்துவிட்டாள். வீடு நிறைந்துபோய்க் கிடந்தது. சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு கார்த்திகன் சொன்னான்:

"ஞாயிற்றுக்கிழமை கொஸ்கொடவுக்குப் போறம். ஆமைக்குஞ்சு விடுற இடம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் கடலில விடுவினமாம். பிள்ளைக்கு அங்க இருந்து வெளிக்கிடேக்கையே சொல்லிப்போட்டன்."

"நல்ல விசயம்," என்றாள் தவமலர். "புட்டு அவிச்சுக் கட்டட்டோ, சோறு கட்டட்டோ?"

அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மிதுனாதான் வாய் திறந்தாள்.

"அம்மா, நீங்கள் இந்த முறை வீட்டில நிண்டால் என்ன? சும்மா ஏன் கஷ்டப்படுவான்?"

"எனக்கென்ன கஷ்டம்?"

"கோவியாதேங்கோ அம்மா," என்று கார்த்திகன் சிரித்தான். "நாலு மணியெண்டால் உங்களுக்குத் தொடங்கிவிடும். பிறகு எல்லாரும் திரும்பத்தான் வேணும். நான்தான் சின்னனில ஒருக்காலும் பாக்கேல்ல. பிள்ளையாவது பாக்கட்டும்."

அவன் மனம் நோகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதனாலேயே அது உள்ளே போய்த் தைத்தது.

வெளி பல்கனியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய புருசன் சிவபாதசுந்தரம் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அவ வராட்டில் நானும் நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

எழுபத்தாறு வயது மனிசன். பேத்தியை அடுத்த முறை எப்போது காண்பாரோ தெரியாது. அந்தப் பயணத்தைத் தன்னால் அவரும் இழக்கப்போகிறார் என்று தவமலர் நினைத்தாள். வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னால் போதும். எனக்கு ஒருநாளும் பிரட்டினதில்லையடா, நான் வாறன் என்று சொல்லலாம். ஆனால் அந்த வசனத்தின் பின்னாலேயே அடுத்த கேள்வி வரும். அப்ப ஏனம்மா அப்படிச் செய்தனீங்கள்?

அதற்கு மறுமொழி சொல்வதென்றால் இவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

சிவபாதசுந்தரம் கொள்ளுப்பிட்டியில் ஒரு மருந்துக் கொம்பனியில் ஸ்ரோர் கீப்பராக இருந்தவர். வேலை, வீடு, வெள்ளிக்கிழமையில் கோயில். நாலாவது இடம் தெரியாது. போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, ஓகஸ்ட் லீவு தொடங்கினபோது தவமலர்தான் பிடிவாதம் பிடித்தாள். கார்த்திகனுக்கு அப்போது எட்டு வயது, மிதுனாவுக்கு ஐந்து.

"இதுகள் ரயில் தண்டவாளத்துக்கு அங்கால கிடக்கிற கடலைத் தவிர ஒண்டையும் காணேல்ல. ஒருநாளைக்கு எங்கையாவது கூட்டிக்கொண்டு போவம்."

"காலம் சரியில்லை, மலர்."

"காலம் சரிவந்து நீங்கள் வெளிக்கிடேக்குள்ள பிள்ளையளுக்கு மீசை முளைச்சிடும்."

"மிதுனாவுக்குமோ?"

"உங்கட பரம்பரையில அதுவும் நடக்கும்."

அப்படித்தான் முதல் பயணம் நடந்தது. விடியச் சாமத்தில் எழும்பிப் புட்டு அவித்து, முட்டையும் கத்தரிக்காயும் பொரித்து, வாட்டின வாழையிலையில் கட்டி, காலிக்குப் போகிற பஸ்ஸில் ஏறிக் களுத்துறைக்குப் போனார்கள். மங்குஸ்தான் காலம். பிள்ளைகள் இரண்டும் றோட்டோரத்தில் குந்தியிருந்து உடைத்துத் தின்று, சட்டையெல்லாம் ஊதாக்கறை. ஆறு கடலில் விழுகிற இடத்தில் சிவபாதசுந்தரம் காற்சட்டையை முழங்கால் மட்டும் மடித்துவிட்டு நின்றார். அவருடைய முழங்காலை வீட்டுக்கு வெளியே தவமலர் கண்டது அன்றைக்குத்தான். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பிள்ளைகள் கெஞ்ச, வெளிக்கிடும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

திரும்பி வரும்போது காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். சிவபாதசுந்தரத்தின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கொழும்பில் இருக்கிறதுக்குப் பொலிஸில் பதிந்த கடுதாசியும் சட்டைப் பையில் இருந்தது. எண்டாலும் அவரை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்ற ஆட்கள் ஏறி முடிய பஸ் போய்விட்டது. நித்திரையாகிப்போன மகனைத் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தவமலர் றோட்டோரத்தில் ஒன்றரை மணித்தியாலம் நின்றாள்.

"அப்பா எங்க?" என்று மிதுனா கேட்டாள்.

"பஸ் ரிக்கற் விசயமாக் கதைக்கப் போட்டார்."

அவர் வந்தார். ஒரு காயமும் இல்லை. கையிலிருந்த கடுதாசிகள் மட்டும் கசங்கியிருந்தன. "போவம்" என்றார். உள்ளே என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாலை விளக்கு வைத்த நேரம் வாசல் மணி அடித்தாலும் அவர் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தடவிப் பார்ப்பதை அவள் கண்டிருக்கிறாள்.

இனி இந்த மனிசன் வாழ்க்கையில் பயணம் வெளிக்கிடாது என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த வருசம் ஓகஸ்ட் பிறந்தது. ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவர் கேட்டார்:

"இந்த முறை பிள்ளையளை எங்க கூட்டிக்கொண்டு போறது?"

கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய் நின்று தவமலர் கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோசத்தில்தான்.

அந்த முறைதான் கொஸ்கொட. இரண்டு மணி வரைக்கும் நல்ல மனிசனாகப் பிள்ளைகளோடு மண் கிண்டினார். மூன்றரையாக, துவாயைச் சுருட்டத் தொடங்கினார். செருப்பைத் தட்டினார். சூரியனைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, ஆறு மணிக்கு ஆமைக்குஞ்சு விடப்போகிறார்கள் என்ற செய்தியை கார்த்திகன் எங்கிருந்தோ கொண்டுவந்தான்.

"இல்லை, இப்ப வெளிக்கிட வேணும்."

"அப்பா, ஆறு மணி மட்டும்!"

"ஏலாது எண்டு சொன்னனான்."

பிள்ளை மண்ணில் இருந்துவிட்டான். அண்ணனைப் பார்த்துத் தங்கையும் இருந்தாள். சிவபாதசுந்தரம் பிள்ளைகளுக்கு ஒருநாளும் அடித்ததில்லை. அன்றைக்குக் கையை ஓங்கினார். ஓங்கின கை மேலே நின்று நடுங்கியது. பிள்ளை அந்தக் கையையே பார்த்தான். இன்னும் ஒரு நிமிசம் போனால் அப்பாவுக்கு என்ன நடக்கிறதென்று அவனுக்கு விளங்கிவிடும்.

தவமலர் வாயைப் பொத்தினாள்.

"எனக்குப் பிரட்டுது."

தாழம் பற்றைக்குப் பின்னால் போய்ச் சத்தமும் போட்டாள். அம்மாவுக்கு வருத்தம் என்றதும் பிள்ளை துள்ளி எழும்பினான், தண்ணீர் கொண்டு ஓடி வந்தான். கால்மணித்தியாலத்தில் பஸ்ஸில் இருந்தார்கள். சாவடியைக் கடக்கும்போது நல்ல வெளிச்சம் இருந்தது. ஒருவரும் மறிக்கவில்லை. முன்சீற்றுக் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய கை அதற்குப் பிறகுதான் தளர்ந்தது.

அதற்குப் பிறகு வருசா வருசம் அதுதான். அவர் துவாயைச் சுருட்டத் தொடங்கினால் இவளுக்குப் பிரட்டும். நாலு மணி, தப்பாது. அவரும் தேசிக்காய் வெட்டிக் கொடுப்பார். இருவரும் இதைப்பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. அவர் அதை உண்மையான வருத்தம் என்றுதான் நம்புகிறார் என்று தவமலர் நினைத்தாள். அப்படியே நம்பட்டும் என்றும் நினைத்தாள்.

பிள்ளைகளுக்கு அது பகிடியாகிவிட்டது. "அம்மா, நாலாச்சு, சத்தி எடுங்கோ," என்று மிதுனா கூப்பிடுவாள். பெந்தோட்டையில் அவர் இரண்டு பிள்ளைகளையும் உள்ளங்கையில் ஏந்தி மிதக்கப் பழக்கினார். அவருக்கே நீந்தத் தெரியாது, அது வேறு கதை. பேருவளையில் ஒரு நாய் புட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓட, பின்னால் ஸ்ரோர் கீப்பர் ஓடின ஓட்டத்தைப் பார்த்து மீன்காரர்கள் கைதட்டினார்கள். ஒரு வருசம் பஸ் ஏறவே ஏலாத காலம். வெளிக்கிட வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு, "பயணம் பயணம்தான்" என்று தண்டவாளத்தைக் கடந்து வெள்ளவத்தைக் கடற்கரைக்கே பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனார். பத்து நிமிச நடை. பகல் முழுக்க அங்கே இருந்தார்கள். நாலு மணிக்கு அவர் துவாயைச் சுருட்ட, தவமலருக்குப் பிரட்டிவிட்டது.

"அம்மா, நாங்கள் பஸ்ஸிலயே வரேல்லையே!"

"கடல் காத்துக்கும் பிரட்டும். நட வீட்டை."

ஒரு பகல். வருசத்துக்கு ஒரேயொரு பகல். ஆனால் அந்த ஒரு பகலுக்குப் பிறகு பதினொரு மாதத்துக்கு அந்த வீட்டில் கதைக்க விசயம் இருந்தது. கடவுளே, இவ்வளவையும் எங்களுக்குத் தந்தாயே என்று இப்போதும் சாமி அறையில் அவள் சொல்வது அந்தப் பகல்களுக்காகத்தான். போர் முடிய முன்னமே கார்த்திகன் கனடாவுக்குப் போய்விட்டான். றோட்டெல்லாம் திறந்தபோது கூட்டிக்கொண்டு போகப் பிள்ளைகள் இல்லை.

அங்கே ரொறன்ரோவில் அவன் சிநேகிதர்களுக்குச் சொல்வானாம்: "அந்தக் காலத்திலயும் எங்கட அப்பா பயமில்லாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவர்." நிருஷா சொல்லித்தான் தவமலருக்குத் தெரியும். அதை எப்படி உடைப்பது?

ஆகவே அவள் காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் வாறன்," என்றாள்.

"அம்மா..."

"வாறன் எண்டால் வாறன். பிரட்டினால் நான் பஸ் பிடிச்சுத் தனியத் திரும்புவன். ஒருத்தரும் எனக்காகத் திரும்பவேண்டாம்."

குசினிக்குள் போய்த் துருவலையை எடுத்துப் போட்டுக்கொண்டு தேங்காய் துருவத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் கிடந்தது. எண்டாலும் அந்தத் துருவலைச் சத்தத்துக்கு எதிராக ஒருவராலும் கதைக்க முடியவில்லை.

வான் பிடித்துப் போனார்கள். சாரதி லயனல் என்ற சிங்களப் பெடியன். மிதுனா பிரட்டலுக்குக் குளிசை வாங்கி வந்திருந்தாள். தவமலர் வாங்கி வாயில் போடுவதுபோலப் போட்டு ஜன்னலால் விட்டாள். களுத்துறையில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கினார்கள். மத்தியானம் கொஸ்கொடக் கடற்கரையில் புட்டுப் பார்சலைப் பிரித்தார்கள். மூன்றரை ஆனது. நாலு ஆனது. கார்த்திகன் கையில் ஒரு பிளாஸ்ரிக் பையை மடித்து வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தபடி இருந்தான். தாரிகா கிட்ட வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்பம்மா, இப்ப வருமோ?"

"என்ன வரும்?"

"வோமிற்."

"உன்ர அப்பாவுக்கு வேற வேலையில்லை. போய் விளையாடு."

நாலரை. ஐந்து. ஐந்தரை. ஆமைப் பண்ணைக்காரன் தொட்டிக்குள்ளிருந்து குஞ்சுகளை ஒரு பேசினில் அள்ளிக்கொண்டு வந்தான். வானத்தை நிமிர்ந்து பார்த்தான். "தவ டிக்கக் இன்ன, கபுட்டோ இன்னவா," என்றான். காகங்கள் போகட்டும், இன்னும் கொஞ்சம் பொறுங்கோ என்று அர்த்தம். ஆகவே இருட்டும் மட்டும் காத்திருக்க வேண்டும். எல்லோரும் மண்ணில் இருந்தார்கள்.

கார்த்திகன் நிருஷாவைப் பார்த்துச் சிரித்தான். "முப்பது வருசமப்பா! இந்த ஆறு மணியைப் பாக்க எனக்கு முப்பது வருசம் எடுத்திருக்கு. எல்லாம் அம்மாவின்ர வயித்தால வந்தது."

தவமலரும் சேர்ந்து சிரித்தாள்.

"அம்மாவின்ர வயித்தால இல்லை," என்றார் சிவபாதசுந்தரம்.

அவர் காற்சட்டையை மடித்துவிட்டு, கால்களை மண்ணில் புதைத்தபடி, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர பயத்தால. பொழுதுபட்டால் எனக்கு றோட்டில நிக்கேலாது. முதல் வருசம் ஒருக்கால் என்னை மறிச்சு வைச்சவங்கள். நீ நித்திரை. அதுக்குப் பிறகு இதே கடற்கரையில உனக்கு அடிக்கக் கை ஓங்கினனான். அண்டையில இருந்துதான் இவ வருத்தக்காரி."

மிதுனா அம்மாவைப் பார்த்தாள். தவமலருக்கு முகம் சுட்டது. சந்தோசமில்லை, கோபம். முப்பது வருசம் பொத்தி வைத்ததை இந்த மனிசன் ஒரு நிமிசத்தில் மண்ணில் கொட்டிவிட்டாரே! அப்படியென்றால் இவருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் தேசிக்காய் வெட்டித் தந்திருக்கிறார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ," என்றாள். "எனக்குப் பிரட்டினதுதான்."

"உமக்கோ? வீட்டை வந்து கால் கழுவின கையோட மிச்சப் புட்டெல்லாத்தையும் மீன் குழம்பு விட்டுச் சாப்பிடுவீர். சத்தி எடுத்த ஆள் அப்பிடிச் சாப்பிடுமோ?"

"சத்தி எடுத்தால் பசிக்கும்."

"ஒருநாளாவது உம்மட சீலையில ஒரு துளி பட்டதோ?"

"நான் துப்பரவான மனிசி."

"வெள்ளவத்தைக் கடற்கரைக்கு நடந்து போன அண்டைக்கும் பிரட்டினதே?"

"என்ர வயிறு. எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?"

நிருஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கார்த்திகன் சிரிக்கவில்லை. எழும்பிப் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தான்.

"அவ்வளவு பயத்தோடயோ அப்பா வருசா வருசம் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"வேற என்ன செய்யிறது," என்றார் அவர். "உங்கட லீவு ஓகஸ்டில தானே வரும்."

கார்த்திகன் கையிலிருந்த பையை விரித்தான், பிறகு மடித்தான். அப்பாவின் கையைப் பிடிக்க நினைத்தான் போலிருக்கிறது. அந்த வீட்டில் ஆம்பிளைகள் கை பிடித்துப் பழக்கமில்லை. அவருடைய முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். அவ்வளவுதான். அதைப் பார்த்தபிறகுதான் தவமலரின் கோபம் இறங்கியது. மகன் முகத்தில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. அப்பாவை முதல்முதலாகக் காண்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பண்ணைக்காரன் கூப்பிட்டான். தாரிகா ஓடினாள். பேசினை மண்ணில் சரித்துவிட, உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள் அலையை நோக்கி அள்ளாடி அள்ளாடிப் போயின. ஒன்று திரும்பி வந்தது. "அங்கால, அங்கால!" என்று தாரிகா அதற்குக் கையால் வழி காட்டினாள். முப்பத்தெட்டு வயதுக் கார்த்திகனும் பக்கத்தில் முழங்காலில் நின்று, "அங்கால" என்றான்.

திரும்பும்போது நல்லாக இருட்டிவிட்டது. தாரிகா நித்திரை. மிதுனா அம்மாவின் காதுக்குள் குனிந்து கேட்டாள்:

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. பிரட்டினதோ, இல்லையோ?"

"கொப்பர் உங்களைப் பத்து வருசம் பயணம் கூட்டிக்கொண்டு போனவர். நான் புட்டுக் கட்டினனான். இதுக்கு மேல உனக்கு என்ன தெரிய வேணும்?"

பின்சீற்றில் சிவபாதசுந்தரம் செருமினது கேட்டது. தவமலர் அதற்கும் சேர்த்து, "எனக்குப் பிரட்டினதுதான்" என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கடைகளின் வெளிச்சம், கோயில் விளக்கு, பைசிக்கிளில் பாண் கொண்டு போகிறவன். இருட்டுப்பட்ட காலி வீதி இவ்வளவு வடிவோ!

லயனல் வேகமாக ஓட்டினான். அவள் குனிந்து அவனுடைய தோளில் தட்டினாள்.

"மல்லி, ஹெமின் யன்ன," என்றாள். "மெதுவாப் போங்கோ தம்பி. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை."